சீன எழுத்தும் நம் பிள்ளைகளின் உணவுத் தட்டும்

 

சில மாதங்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்து அலுவலக அறையில் கல்வி உதவி மனுக்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நம் வட்டாரத்துத் தகப்பனார் ஒருவர் கைப்பேசியை நீட்டியபடி வந்து நின்றார். அவர் மகன் சீனாவில் மருத்துவம் படிக்கிறான். திரையில் ஒரு நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்பக்கப் படம்.

“செக்ரட்டரி பாய், இதுல என்ன எழுதியிருக்குன்னு யாராச்சும் படிச்சுச் சொல்ல முடியுமா? புள்ள ரெண்டு மாசமா இதைத்தான் தின்னுக்கிட்டு இருந்திருக்கான். முன்பக்கம் காய்கறி படந்தான் போட்டிருக்கு. இப்ப கூடப் படிக்கிற பையன் ஒருத்தன், இதுல பன்றிக் கொழுப்பு இருக்குதுன்னு சொல்றானாம். அன்னையிலேர்ந்து புள்ள சரியாவே சாப்பிடல.”

அறையில் இருந்த எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அரபு தெரியும், உருது தெரியும், ஆங்கிலம் தெரியும். அந்தப் பாக்கெட்டுக்கு முன் நாங்கள் எல்லோரும் எழுத்தறியாதவர்களாகவே நின்றோம். அறியாமல் நேர்ந்ததை இறைவன் பொறுப்பான் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினோம். ஆனால் அறிந்துகொள்ள வழி இருந்தும் அறியாமல் இருப்பதற்கு என்ன பதில்? அந்தக் கேள்வி உறுத்தியதால் நாங்களே உட்கார்ந்து படிக்கத் தொடங்கினோம். படித்ததில் பயனுள்ளதை இங்கே பாடமாகத் தருகிறோம்.

மருத்துவப் படிப்புக்கும், குவாங்சோ, யீவூ நகரங்களுக்குச் சரக்கெடுக்கவும், சிங்கப்பூர், மலேசியாவில் வேலைக்கும் நம் பிள்ளைகள் போகிறார்கள். சீன எழுத்து இனி நமக்குத் தொலைதூரச் சங்கதி அல்ல.

முதலில் ஒரு விளக்கம்

‘சீனா சென்றேனும் கல்வி தேடுங்கள்’ என்ற கருத்தில் ஒரு வாசகம் மேடைதோறும் நபிமொழியாகச் சொல்லப்படுகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் அதன் அறிவிப்பாளர் தொடரை ஏற்கவில்லை. இமாம் இப்னுல் ஜவ்ஸி அதை இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் சேர்த்திருக்கிறார். எனவே அதை ஆதாரமாக நாம் கொள்ளவில்லை.

அது இல்லாமலே நமக்குச் சிறந்த முன்மாதிரி இருக்கிறது. யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அவர் அரை மாதத்துக்குள் கற்று, வரும் கடிதங்களைப் படித்துக் காட்டவும் பதில் எழுதவும் செய்தார். திர்மிதி, அபூதாவூத் தொகுப்புகளில் இச்செய்தி உள்ளது. பிறர் எழுத்தைத் தேவைக்காகக் கற்பது நபித்தோழர் காட்டிய வழி.

எழுத்து மலையா, எழுத்து வீடா?

தமிழில் ‘ப’ என்றால் ஓர் ஒலி. சீனத்தில் ஓர் எழுத்து என்பது பெரும்பாலும் பொருளும் உள்ள ஓர் அசை. ‘மரம்’ ஓர் எழுத்து, ‘மலை’ ஓர் எழுத்து, ‘எண்ணெய்’ ஓர் எழுத்து. அப்படியானால் எத்தனை எழுத்துகள் இருக்கும்? 1716இல் காங்ஷி பேரரசர் காலத்தில் முடிந்த அகராதியில் 47 ஆயிரத்துக்கும் மேல். இன்றைய சீன அரசு 2013இல் வெளியிட்ட பொதுப் பட்டியலில் 8,105. அதிலும் அன்றாடம் வேண்டிய முதல் வரிசையில் 3,500.

கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. ஆனால் இந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வார்த்த சிலைகள் அல்ல. சில நூறு உறுப்புகளை மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய வீடுகள். செங்கலைத் தெரிந்துகொண்டால் வீடு புரியும்.

நம் மக்தப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி வைத்தால் பா, மேலே இரண்டு வைத்தால் தா, மூன்று வைத்தால் ஸா. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் அதே உடல்களில் புள்ளி கூட்டி அரபுத்தமிழ் எழுத்தை உருவாக்கினார்கள். கிதாப், காதிப், மக்தப், மக்தூப் நான்கிலும் காஃப், தா, பா என்ற ஒரே வேர் ஓடுவதையும் பிள்ளைகள் அறிவார்கள். நூல், எழுதுபவர், எழுதக் கற்கும் இடம், எழுதப்பட்டது என்று எல்லாமே எழுத்தைச் சுற்றியே நிற்கின்றன. சீன எழுத்திலும் இப்படி ஒரு வேரைத் தேடிப் பிடிப்பதுதான் வழி.

சீனர்கள் அதைப் ‘பூ ஷோ’ என்கிறார்கள். அகராதியில் ஒரு பிரிவுக்குத் தலையாக நிற்கும் உறுப்பு என்று பொருள். நாம் ‘தலைக்கூறு’ என்று சொல்வோம். கி.பி. 100 அளவில் ஷூ ஷென் என்ற அறிஞர் 9,353 எழுத்துகளை 540 தலைக்கூறுகளின் கீழ் வகுத்தார். காங்ஷி அகராதியில் தலைக்கூறுகள் 214. அந்த 214இலும் சில பத்து தெரிந்தாலே கடைப்பலகையும் பாக்கெட்டும் பேசத் தொடங்கிவிடும்.

தாளும் பென்சிலும் எடுங்கள்

நம் மடலில் சீன எழுத்து அச்சிட வசதியில்லை. ஆகவே வடிவத்தைச் சொல்லால் காட்டுகிறோம். பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து வரைந்து பாருங்கள்.

*படமாக நின்றவை:* சிறு சதுரம் போட்டால் ‘வாய்’. நெட்டுச் சதுரம் போட்டு நடுவில் ஒரு குறுக்குக் கோடு இழுத்தால் ‘சூரியன்’. கூட்டல் குறி போட்டு, நடுவிலிருந்து இரு பக்கமும் சாய்வாக ஒவ்வொரு கோடு இறக்கினால் ‘மரம்’. காலை அகட்டி நிற்பதுபோல இரண்டு சாய்கோடுகள் ‘மனிதன்’.

*பொருளோடு பொருள் சேர்ந்தவை:* இரண்டு மரம் பக்கத்தில் நின்றால் தோப்பு. மூன்று மரம் சேர்ந்தால் அடர்ந்த காடு. சூரியனும் சந்திரனும் சேர்ந்தால் வெளிச்சம். மரத்தின் பக்கத்தில் மனிதன் நின்றால் ஓய்வு. வெயிலில் களை பறித்துவிட்டு வேப்பமர நிழலில் சாய்ந்த எவருக்கும் இந்த எழுத்தை விளக்க வேண்டியதில்லை.

*பொருளோடு ஒலி சேர்ந்தவை:* சீன எழுத்துகளில் ஐந்தில் நான்குக்கும் மேல் இந்த வகைதான். ஓர் உறுப்பு எதைப் பற்றியது என்று சொல்லும். மற்ற உறுப்பு எப்படி ஒலிப்பது என்று சொல்லும்.

‘மா’ என்றால் குதிரை. அந்தக் குதிரை எழுத்தின் இடப்பக்கம் ‘பெண்’ உறுப்பை வைத்தால் அதுவும் ‘மா’தான், ஆனால் பொருள் தாய். உருது பேசும் நம் வீடுகளில் தாயை அழைக்கும் ஒலிக்கு இது எவ்வளவு நெருக்கம்! பெண் உறுப்பு ‘இது பெண்ணைப் பற்றியது’ என்கிறது. குதிரை ‘என்னைப்போல் ஒலி’ என்கிறது. தாய்க்கும் குதிரைக்கும் வேறு சம்பந்தமில்லை. வாய் உறுப்பைச் சேர்த்தால் கேள்வியின் கடைசியில் வரும் ‘மா’, நம் ‘ஆ’ விகுதி போல. குதிரைக்கு மேல் இரண்டு வாய் வைத்தால் ‘திட்டுதல்’. ஒரு வாய் போதவில்லை போலும்! எழுத்துக்கு எழுத்து குரலின் ஏற்ற இறக்கம் மாறும், அடிப்படை ஒலி ‘மா’.

இந்தக் குதிரை எழுத்து நமக்கு இன்னொரு வகையிலும் தெரிய வேண்டியது. சீன முஸ்லிம்களிடையே மிகப் பரவலான குடும்பப்பெயர் ‘மா’. முஹம்மத் என்ற திருப்பெயரின் ஒலிக்காகவே பலர் அதை ஏற்றார்கள் என்பார்கள். 600 ஆண்டுகளுக்கு முன் பெருங்கப்பற்படையோடு இந்தியப் பெருங்கடலைச் சுற்றிய தளபதி செங் ஹோ, யுன்னான் மாநில முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்தபோது அவர் குடும்பப்பெயரும் ‘மா’தான்.

உணவுப் பாக்கெட்டுக்கு வருவோம்

இப்போது அந்தத் தகப்பனார் காட்டிய படத்தைப் பார்ப்போம். உட்பொருள் பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு எழுத்துகள் இருந்தன.

இரண்டாவது எழுத்தின் இடப்பக்கம் மூன்று துளிகள். மேலிருந்து இரண்டு சொட்டு, மூன்றாவது கீழிருந்து மேல்நோக்கித் தெறிக்கும். இது ‘நீர்’த் தலைக்கூறு. ஆறு, கடல் போன்ற எழுத்துகளில் இது வரும். வலப்பக்கம் நான்கு கட்டம் பிரித்த பெட்டி, நடுக்கோடு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அது ‘யோ’ என்ற ஒலி. நீர்போல் ஓடும், ‘யோ’ என்று ஒலிக்கும் என்றால் எண்ணெய், நெய், கொழுப்பு. இதுவரை அச்சப்பட ஒன்றுமில்லை. சோயா எண்ணெயிலும் இதே எழுத்துதான்.

முதல் எழுத்துதான் முக்கியம். இடப்பக்கம் முதுகு வளைந்த ஒரு கோடு, அதில் இரண்டு சாய்கோடுகள். இது ‘விலங்கு’த் தலைக்கூறு. நாய், பூனை, சிங்கம், குரங்கு எழுத்துகளில் வருவது. வலப்பக்க உறுப்பின் அடியில் சூரியப் பெட்டி, அதன்மேல் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி நிற்கும். இரண்டும் சேர்ந்தால் ‘ஜூ’, பன்றி. ஆக ‘ஜூ யோ’ என்றால் பன்றிக் கொழுப்பு. கூடப் படித்த பையன் சொன்னது சரிதான்.

மேலும் சில அடையாளங்கள்:

1. இறைச்சி (‘ரோ’): கீழே திறந்த ஒரு கூடு, உள்ளே மனிதன் எழுத்துப்போல இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று. இதன் முன்னால் மாடு (‘நியூ’), ஆடு (‘யாங்’), கோழி (‘ஜி’) என்று ஏதாவது நின்றால் அந்த இறைச்சி. முன்னால் ஒன்றும் இல்லாமல் வெறும் ‘ரோ’ என்றிருந்தால் சீன வழக்கில் பெரும்பாலும் பன்றிதான். ‘பெரிய இறைச்சி’ என்ற பொருளில் ‘தா ரோ’ என்று எழுதினாலும் அதுவே.

2. சந்திரன் போன்ற இறைச்சி: இறைச்சி எழுத்து இன்னோர் எழுத்துக்குள் உறுப்பாக நுழையும்போது சந்திரன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். கல்லீரல், இரைப்பை, தொடை, கொழுப்பு எல்லாவற்றிலும் இந்தச் ‘சந்திரன்’ இருக்கும். அங்கே அது நிலா அல்ல, உடலின் தசை. ‘ஹுவோ துய்’ என்ற சொல்லுக்கு எழுத்துக்கு எழுத்து ‘நெருப்பு, தொடை’ என்று பொருள். ஆனால் விற்பது ஹாம், அதாவது பதப்படுத்திய பன்றித் தொடை.

3. ஆடு: மேலே இரண்டு கொம்பு, கீழே மூன்று குறுக்குக் கோடு, நடுவே ஒரு நெடுங்கோடு. மீனும் ஆடும் பக்கத்தில் நின்றால் ‘புதிது, சுவையானது’ என்று பொருள்.

4. மது (‘ஜியூ’): மூன்று துளி நீர், பக்கத்தில் ஒரு ஜாடி. இதை எவரும் மறக்க மாட்டார்கள்.

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

அரைகுறை அறிவு இங்கே ஆபத்தானது. மேலே சொன்ன ஜாடி உறுப்பு காடி எழுத்திலும் உண்டு, சோயா சாந்து எழுத்திலும் உண்டு. ஜாடியைக் கண்டதும் ‘மது’ என்று ஒதுக்கினால் காடியையும் ஒதுக்கியதாகும். அந்த உறுப்பு சொல்வது ‘ஜாடியில் புளிக்கவைத்தது’ என்பதை மட்டுமே. எது என்று முடிவு செய்வது முழு எழுத்து.

இன்னொரு உதாரணம். ‘வீடு’ என்ற சீன எழுத்தில் கூரைக்கு அடியில் பன்றி நிற்கிறது. பழங்காலச் சீனக் குடியானவரின் வீட்டில் பன்றி வளர்ந்தது, அந்தப் படம் எழுத்தில் தங்கிவிட்டது. இன்று சீன முஸ்லிமும் தன் வீட்டைக் குறிக்க அதே எழுத்தைத்தான் எழுதுகிறார். ‘வீட்டுச் சமையல்’ என்று பலகை வைத்த கடையில் பன்றி இருந்தே தீரும் என்று அந்த எழுத்தைக் காட்டி வாதிட முடியாது.

ஒலி உறுப்பும் எப்போதும் சரியாக வழிகாட்டாது. இரண்டாயிரம் ஆண்டுகளில் பேச்சு மாறிவிட்டது, எழுத்து மாறவில்லை. பேராறு என்ற பொருளுள்ள எழுத்தில் ஒலி உறுப்பு ‘கோங்’, ஆனால் இன்று அதைப் படிப்பது ‘ஜியாங்’. பொருள் உறுப்பும் சில சமயம் தாராளமாக நடந்துகொள்ளும். பாம்பு, தவளை, வானவில் எல்லாம் ‘பூச்சி’த் தலைக்கூறில் அடக்கம். நம் வட்டாரக் கோயில் சுவர்களில் உள்ள சோழர் காலத் தமிழையே இன்று நம்மால் தடையின்றிப் படிக்க முடிவதில்லை. அவர்களுக்கும் அதே கதைதான்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: 1956 முதல் சீன அரசு பல எழுத்துகளின் கோடுகளைக் குறைத்து எளிதாக்கியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரும்பாலும் அந்த எளிய வடிவம்தான். ஹாங்காங்கிலும் தைவானிலும் பழைய வடிவம். பழைய குதிரைக்கு நான்கு கால்போல் நான்கு புள்ளி உண்டு, புதிய குதிரைக்கு அது இல்லை. பழைய பன்றி எழுத்தில் விலங்குக் கூறுக்குப் பதில் பன்றியின் சொந்தக் கூறே நிற்கும். ஹாங்காங் போகும் பிள்ளைகள் இரண்டையும் பார்த்துவைப்பது நல்லது.

மனப்பாடம் செய்ய வேண்டிய இரண்டு எழுத்துகள்

இந்தப் பாடத்தில் மற்ற எல்லாம் மறந்தாலும் இந்த இரண்டை மறக்க வேண்டாம்: ‘சிங் ஜென்’. சீன முஸ்லிம்கள் ஹலால் உணவுக்கு வைத்திருக்கும் பெயர் இது. ‘தூய்மையும் உண்மையும்’ என்று பொருள்.

‘சிங்’ எழுத்தின் இடப்பக்கம் நாம் முன்பு கண்ட மூன்று துளி நீர். வலப்பக்கம், மேலே மூன்று குறுக்குக் கோட்டை ஒரு நெடுங்கோடு வெட்டும், அடியில் சந்திரன். அந்த உறுப்பின் ஒலியும் ‘சிங்’. நீர் சேர்ந்ததால் தெளிவு, தூய்மை. அதே உறுப்போடு சூரியனைச் சேர்த்தால் மேகமற்ற வானம். பேச்சுக் கூறைச் சேர்த்தால் ‘தயவுசெய்து’. இதயக் கூறைச் சேர்த்தால் அன்பு, உணர்ச்சி. நான்கும் ‘சிங்’ என்றே ஒலிக்கும், குரல் ஏற்ற இறக்கம் மட்டும் மாறும். ஓர் உறுப்பு தெரிந்ததும் நான்கு எழுத்து கைவசமானதைப் பாருங்கள்.

‘ஜென்’ எழுத்து: மேலே ஒரு கூட்டல் குறி. அதன்கீழ் உள்ளே மூன்று குறுக்குக் கோடுள்ள பெட்டி. அடியில் நீண்ட கோடு, கீழே இரண்டு சிறு கால். உண்மை என்று பொருள்.

இந்த இரண்டின் பின் ‘சி’ என்று மூன்றாவது எழுத்து சேர்ந்தால் ‘சிங் ஜென் சி’, அதாவது பள்ளிவாசல். வழி தெரியாத ஊரில் தொழுகை நேரம் நெருங்கும்போது இந்த மூன்று எழுத்தும் எவ்வளவு பெரிய துணை!

முன்பெல்லாம் இந்த எழுத்து தெரியாவிட்டாலும் பலகையில் அரபியில் ஹலால் என்றிருக்கும், அதைப் பார்த்து நுழைந்துவிடலாம். 2019இல் பெய்ஜிங்கில் ஹலால் உணவகங்களின் பலகைகளிலிருந்து அரபு எழுத்தை அகற்றச் சொல்லி அதிகாரிகள் உத்தரவிட்டதாகச் செய்தி வந்தது. அரபு இல்லாத பலகையில் மிஞ்சுவது சீன எழுத்து மட்டுமே. அதைப் படிக்கத் தெரியாத பிள்ளை ஹலால் கடையின் வாசலிலேயே பசியோடு நிற்பான்.

சீனாவில் ஹூய் சமூக முஸ்லிம்கள் மட்டுமே ஒரு கோடிக்கும் மேல். கையால் இழுத்த நூடுல்ஸை மாட்டிறைச்சிக் குழம்போடு தரும் ‘லான்சோ’ கடைகளைப் பெரும்பாலும் முஸ்லிம்களே நடத்துகிறார்கள், அநேகமாக எல்லா நகரங்களிலும் காணலாம். எனினும் பலகை மட்டும் போதாது. உள்ளே மது விற்கிறதா என்று பார்த்து, ஸலாம் சொல்லி, கேட்டு உறுதி செய்துகொள்வதே பேணுதல்.

ஒரே கல்லில் மூன்று எழுத்து

இலங்கையின் காலி நகரில் 1911இல் ஒரு கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தது அது. இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல், நாம் முன்பு சொன்ன தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய முறையிலும் காணிக்கைகளைச் சொல்கின்றன.

மூன்று சமூகத்தாரும் தத்தம் எழுத்தில் படிக்கட்டும் என்று ஒரே கல்லில் செதுக்கவைத்திருக்கிறார்கள். தமிழும் சீனமும் பக்கத்தில் பக்கத்தில் நின்ற காலம் இருந்தது. இடையில் நாம்தான் அந்தப் பக்கத்தைப் படிக்க மறந்துவிட்டோம்.

வீட்டுப் பயிற்சி

பிள்ளைகளோடு சேர்ந்து விடை காணுங்கள்.

1. இடப்பக்கம் மூன்று துளி உள்ள ஓர் எழுத்து எதைப் பற்றியதாக இருக்கக்கூடும்?
2. கல்லீரல் எழுத்தில் ஏன் சந்திரன் இருக்கிறது?
3. காடியும் மதுவும் எந்த உறுப்பைப் பகிர்கின்றன? அதனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?
4. ‘சிங் ஜென்’ இரண்டு எழுத்தையும் பார்க்காமல் வரையுங்கள்.

வெளிநாடு செல்லும் பிள்ளையின் பெட்டியில் ஊறுகாயும் முஸல்லாவும் வைக்கும்போது, இந்த இரண்டு எழுத்தை எழுதிய ஒரு சிறு அட்டையும் வையுங்கள். அதன் மறுபக்கம் பன்றி, பன்றிக் கொழுப்பு, மது மூன்றின் எழுத்துகள் இருக்கட்டும். நம் அலுவலகத்திலும் அத்தகைய அட்டைகளைத் தயாரித்து வைத்திருக்கிறோம். கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை.

முதல் அட்டை எந்தப் பிள்ளைக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் அவன் தகப்பனார் மறுபடி கைப்பேசியோடு வந்தார். திரையில் பச்சைப் பலகை போட்ட ஒரு சிறு கடை, முன்னால் ஆவி பறக்கும் கிண்ணத்தோடு மகன். “அவனே படிச்சுட்டுத்தான் உள்ள போனானாம் பாய்” என்றார். அல்ஹம்துலில்லாஹ்.

பயனுள்ள கல்வியை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல இறைவன் தந்தருள்வானாக. ஆமீன்.